படித்த கல்லூரிக்கே பேராசிரியராக வந்தவர்

முதல் தலைமுறைக் கணிப்பொறி என்றதும் நம் மாணவர்கள் சட்டென்று டூரிங் பெயரைச் சொல்லிவிடுவார்கள். டூரிங் 1948-ல் போய்ச் சேர்ந்த மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், அதற்கு முன்பே ஒரு கணிப்பொறியை ஓடவைத்தவர் பேராசிரியர் ஃபிரெடெரிக் வில்லியம்ஸ். இந்த மலரில் அவரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. அவரும் நம்மைப் போல ஒரு முன்னாள் மாணவர்தான்.

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் அருகே ரோமிலி என்ற ஊரில் 1911 ஜூன் 26 அன்று பிறந்தார். மான்செஸ்டரில் பொறியியல் படித்து, ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டம் பெற்றார். 1936-ல் மான்செஸ்டருக்கே திரும்பி உதவி விரிவுரையாளர் ஆனார். உலகப் போர் வந்ததும் ராடார் ஆராய்ச்சிக்குப் போனார். வருகிற விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளில் உழைத்தார்.

போர் முடிந்து, 1946 டிசம்பரில் பழைய கல்லூரிக்கு மின்னியல் பேராசிரியராக வந்தார். வயது 35. அப்போது கணிப்பொறி கட்ட நினைத்தவர்களுக்கெல்லாம் பெரிய தலைவலி நினைவகம்தான். எண்களை எங்கே வைப்பது? டி.வி. பிக்சர் டியூப் போன்ற கத்தோடுக் கதிர்க் குழாயின் முகப்பில் மின்னூட்டப் புள்ளிகளாக வைத்துக் காட்டினார் வில்லியம்ஸ். கூட உழைத்தவர்கள் டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில். 1948 ஜூன் 21 அன்று 'பேபி' என்ற அந்தச் சிறிய பொறி, தன் நினைவகத்திலேயே வைத்திருந்த நிரலை 52 நிமிடம் ஓடி முடித்தது. நினைவகம் மொத்தமே 1024 பிட்!

ஆனால் குழாயில் ஒரு சிக்கல். புள்ளிகள் கண் இமைப்பதற்குள் மங்கிவிடும். படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு. அதற்குத் துணையாக 1949-ல் வந்தது காந்த உருளை. நிக்கல் பூசிய உருளை வேகமாகச் சுற்றும். பக்கத்தில் இருக்கும் தலைகள் அதன் மேல் காந்தத் தடங்களாக எழுதும், படிக்கும். மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாது. உருளையின் சுழற்சி குழாயின் தாளத்தோடு பிசகாமல் சேர வேண்டுமே? சுழலும் பொருளை மின்னணுச் சுற்றால் கட்டுப்படுத்தும் வித்தை ராடார் காலத்திலேயே அவருக்குக் கைவந்ததுதான். அதை இங்கே பயன்படுத்தினார். வேகமான சின்ன நினைவகம் ஒன்று, மெதுவான பெரிய நினைவகம் ஒன்று என்ற ஏற்பாடு அந்த ஆய்வுக்கூடத்தில் நடைமுறைக்கு வந்தது. நம் கணிப்பொறியில் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் பங்கு போட்டுக்கொள்வதும் அதே முறைதான்.

1950-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி கிடைத்தது. 1951-ல் ஃபெரான்டி கம்பெனி இந்தக் கணிப்பொறியை விற்பனைக்குரிய பொறியாகச் செய்து கொடுத்தது. ஐ.பி.எம். 701-லும் அவர் குழாய்தான் நினைவகம். பேரும் புகழும் உச்சத்தில் இருந்த அந்த நேரத்தில் அவர் செய்ததைப் பாருங்கள்: கணிப்பொறி வேலையைத் தன் கீழ் ஆய்வு செய்த கில்பர்னிடம் விட்டுவிட்டு, மின்மோட்டார் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

கில்பர்ன் சோடை போகவில்லை. 1962-ல் 'அட்லஸ்' கணிப்பொறி வந்தது. 1964-ல் தொடங்கிய கணிப்பொறியியல் துறைக்கு அவரே தலைவர். மோட்டார் பக்கம் வில்லியம்ஸோடு உழைத்த எரிக் லெய்த்வெயிட், நேர்கோட்டு மோட்டாரால் பெயர் வாங்கினார்.

1976-ல் சர் பட்டம் பெற்ற வில்லியம்ஸ், 1977 ஆகஸ்ட் 11 அன்று காலமானார். கடைசி வரை மான்செஸ்டர் பேராசிரியர்தான். தான் தொடங்கியதை மாணவன் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்க எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆசிரியப் பணிக்கு வந்திருக்கும் நம் சங்க நண்பர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.