டாரட் கார்டு படிக்கக் கத்துக்கிறீங்களா? அந்தப் படங்களை வரைந்த பமீலாவைத் தெரிஞ்சுக்கோங்க

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை பக்கம் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் சீட்டு எடுத்துப் பலன் சொல்வது உங்களுக்குப் புதுசு இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கிளி ஜோசியம் பார்த்திருப்பீங்க. தமிழும் மலையாளமும் கலந்து நடக்கும் காக்காரிசி நாடகத்தில் சிவனும் பார்வதியுமே குறி சொல்லும் காக்கானாகவும் காக்காத்தியாகவும் வருவார்கள்.

இப்போது அந்த இடத்தில் போன் ஆப் வந்திருக்கிறது. டாரட் கத்துக்கணும்னு ஆப் இறக்கினாலும், ஆன்லைனில் சீட்டுக்கட்டு வாங்கினாலும், உங்கள் கண்ணில் படும் படங்களில் பெரும்பாலானவை ஒரே பெண் வரைந்தவை, அல்லது அவற்றைப் பார்த்து வரைந்தவை. அவர் பமீலா கோல்மன் ஸ்மித்.

யார் இவர்?

1878 பிப்ரவரி 16 அன்று லண்டனில், அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு நினைவில் நிற்க ஒரு கணக்கு: ஸ்வதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை பிறந்ததும் அதே ஆண்டுதான்.

பமீலாவின் சிறுவயது மான்செஸ்டரிலும் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் கழிந்தது. 1893-ல் நியூயார்க்கின் பிராட் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். 1896-ல் அம்மா இறந்தார். அடுத்த ஆண்டு பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டார். 1899-ல் அப்பாவும் போய்விட்டார். 21 வயதில் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை.

லண்டனில் அவருக்குத் துணை நின்றது லைசியம் நாடகக் குழு. புகழ்பெற்ற நடிகை எல்லன் டெர்ரி அவரை அரவணைத்தார். 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கர்தான் அப்போது அந்த அரங்கின் மேலாளர். யார் எங்கே நிற்கிறார், உடல் எப்படி வளைகிறது என்பதைக் கவனித்து வரையும் பழக்கத்துக்கு மேடை நல்ல பள்ளிக்கூடம். கூடவே, ஜமைக்காவில் கேட்ட அனான்சி கதைகளைப் புத்தகமாக்கினார். 'தி கிரீன் ஷீஃப்' என்ற பத்திரிகையைச் சொந்தமாகத் தொடங்கினார். அது 13 இதழ்களில் நின்றுபோனது.

1907-ல், நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் அதுவரை புகைப்படங்கள் மட்டுமே வைத்திருந்த தன் காட்சிக்கூடத்தில் முதல்முறையாக ஓவியங்களை மாட்டினார். அவை பமீலாவின் ஓவியங்கள்.

78 சீட்டுகள் வந்தது எப்படி?

1901-ல் பமீலா 'கோல்டன் டான்' என்ற ரகசியச் சங்கத்தில் சேர்ந்திருந்தார. அங்கே பழக்கமான ஆர்தர் எட்வர்ட் வெயிட், 1909-ல் ஒரு புதிய டாரட் கட்டுக்குப் படம் வரையச் சொன்னார். 78 படங்களையும் சில மாதங்களில் முடித்தார். அதே ஆண்டு டிசம்பரில் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது.

டாரட் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சும்மா விளையாடப் பிறந்த சீட்டு. குறி சொல்ல அதைப் பரவலாக எடுத்தது 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸ். அதில் 22 பெரிய சீட்டுகள், 56 சிறிய சீட்டுகள். சிறியவற்றில் எண் சீட்டுகள் 40. பழைய கட்டுகளில் பொதுவாக அவற்றில் ஐந்து காசு, எட்டு காசு என்று சின்னங்கள் மட்டுமே இருக்கும். பொருளை மனப்பாடம் செய்தே ஆகணும்.

பமீலா அந்த 40-க்கும் காட்சி வரைந்தார். காசு ஐந்தில், வெளிச்சமான கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பனியில் நடக்கும் இரண்டு ஏழைகள். காசு எட்டில், பட்டறையில் தலைகுனிந்து வேலை செய்யும் கைவினைஞர். வாள் மூன்றில், மழையில் மூன்று வாள் குத்திய இதயம். இந்தக் கடைசிப் படம் 15-ஆம் நூற்றாண்டின் 'சோலா புஸ்கா' கட்டிலும் உண்டு. அதன் புகைப்படங்கள் அப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தன.

நீங்கள் இன்று ஒரு வாரத்தில் டாரட் படிக்கத் தொடங்க முடிவது இதனால்தான். படத்தைப் பார்த்ததும் கதை வந்துவிடுகிறது. கிளி எடுத்துத் தரும் சாமி படத்தை வைத்து ஜோசியர் கதை சொல்வதும் இதே வழிதான்.

சரி, பலன் பலிக்குமா?

சீட்டு எதிர்காலத்தைச் சொல்லும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அப்புறம் ஏன் நமக்கே சொன்ன மாதிரி இருக்கு? 1948-ல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணவிவரத்தை, ஆளுக்கேற்ப எழுதியது போலக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு, சராசரியாக 5-க்கு 4-க்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். பொதுவாகச் சொன்னதை நம் வாழ்க்கையோடு நாமே பொருத்திக்கொள்கிறோம்.

பணமும் பெயரும் யாருக்குப் போனது?

வேலை பெரிது, காசு ரொம்பக் குறைவு என்று பமீலா 1909-லேயே ஸ்டீக்லிட்ஸுக்குக் கடிதம் எழுதினார். கட்டு விற்க விற்க வரும் பங்கு அவருக்குக் கிடைக்கவில்லை. பெயரும் 'ரைடர்-வெயிட்' என்றே நிலைத்தது: ஒருவர் பதிப்பாளர், மற்றவர் வரையச் சொன்னவர்.

1911-ல் கத்தோலிக்கராக மாறினார். பின்னர் உறவினர் வழி வந்த சொத்தில் கார்ன்வாலில் குடியேறினார். 1951 செப்டம்பர் 18 அன்று பியூட் என்ற ஊரில் கடனோடு இறந்தார். கடனை அடைக்க அவர் பொருட்கள் ஏலம் போயின. கல்லறைக்கு அடையாளக் கல் கூட இல்லை. கட்டு உலகமெங்கும் பரவியது அதற்குப் பிறகு, 1970-களில்தான். இப்போது பலர் 'ரைடர்-வெயிட்-ஸ்மித்' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.

அடுத்த முறை கட்டைக் கையில் எடுத்தால், விளக்கப் புத்தகத்தைத் திறக்கும் முன் படத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். ஆள் எங்கே பார்க்கிறார், கையில் என்ன இருக்கு, பின்னணியில் என்ன நடக்குது? அப்படியே மூலையில், சுருண்ட கொடி மாதிரி ஒரு கையெழுத்தைத் தேடுங்கள். தன் பெயரெழுத்துகளைக் கோத்து பமீலா போட்டது அது. கட்டின் பெயரை யாராவது கேட்டால், ஸ்மித்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.