கைத்தொழில் மேதை ஜி. டி. நாயுடு

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நம் தோட்டத்து ஸ்டோரிலே ரோலருக்கும் மோட்டருக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சாத்தி, தேங்காய் உடைத்து வணங்குகிறோம். வணங்குவது முறையே. ஆயின், அந்த மோட்டரின் அச்சு எந்த உலோகம், உடல் ஏன் வார்ப்பிரும்பு என்று கேட்கும் வாலிபர் நம்முள் எத்தனை பேர்? அவ்வாறு கேட்பதையே வாழ்வாகக் கொண்டிருந்த பெருமகன் ஒருவரின் வரலாற்றை இம்மலரிலே எழுத எண்ணினோம்.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆந் திகதி, கோபால்சாமி நாயுடுவின் மைந்தராகத் துரைசாமி பிறந்தார். உழவர் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குக் கசந்தது. அதனைப் பற்றி விரித்தெழுத வேண்டியதில்லை. ஒரு நாள் ஆங்கில உத்தியோகத்தர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமலே ஓடும் வண்டியைக் கண்ட இளைஞருக்கு அன்று பிடித்த பித்து பிறகு தெளியவேயில்லை. கோவைக்குச் சென்று ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த முந்நூறு ரூபாவைக் கொடுத்து அத்தகைய வண்டியொன்றை வாங்கினார் என்பர். வாங்கியவர் அதில் ஏறிச் சவாரி செய்வதோடு நின்றாரல்லர். ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். அவர் படித்த பொறியியற் கல்லூரி அதுதான்.

பருத்தி வியாபாரத்தில் இறங்கிப் பொருள் இழந்தார். பின்னர், கோவையில் ஆலை நடத்திய ஸ்டேன்ஸ் துரையின் உதவி பெற்று, 1920இல் ஒரே ஒரு பஸ் வண்டியை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே தாமே ஓட்டினார். முருகன் சந்நிதிக்கு யாத்திரிகரை ஏற்றிச் சென்ற அந்த ஒற்றை வண்டியே வளர்ந்து, யு.எம்.எஸ். என்னும் பெருநிறுவனமாகி, 1930களில் நூற்றுக்கணக்கான பஸ்களை ஓட்டியது. வண்டிகள் பெருகியபோது பழுதுகளும் பெருகின. உதிரி உறுப்புகளுக்குச் சீமையை நோக்கிக் காத்திராமல் உள்ளூரிலேயே செய்ய முனைந்தமையால், அவருடைய பட்டறை ஒரு தொழிற்கூடமாயிற்று.

அக்காலத்தில் பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கோவைக்கு வந்து சேர்ந்தது. மின்சாரம் வந்தது; மோட்டரோ அந்நிய நாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து 1937இல் பீளமேட்டில் அவர் ஆக்கிய மோட்டரே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின் மோட்டர் எனப் போற்றப்படுகிறது.

இங்கே சற்று நின்று அந்த மோட்டரைக் கழற்றிப் பார்ப்போம். வெளியுடல் வார்ப்பிரும்பு. உருக்கினால் நீர்போல் ஓடி அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும், அதிர்வையும் தாங்கிக்கொள்ளும். ஆனால் சம்மட்டியால் அடித்தால் வெடித்துவிடும். ஆகவே முறுக்கும் வளைவும் ஏற்கவேண்டிய நடு அச்சுக்கு அது ஆகாது. உருக்கைக் கடைசல் இயந்திரத்தில் நூல் பிசகாமல் கடைந்து செய்யவேண்டும். உள்ளே செப்புக் கம்பிச் சுருளைத் தாங்கும் இரும்போ ஒரே கட்டியாக இருப்பதில்லை. மெல்லிய தகடுகளை வெட்டி, ஒன்றோடொன்று மின்தொடர்பில்லாமல் அடுக்கியிருப்பார்கள். கட்டியாக இருந்தால் அதனுள்ளேயே மின்சாரம் சுழித்து, மோட்டர் அடுப்பாய்க் கொதிக்கும். அச்சு சுழலும் இடத்திலே குண்டு பேரிங். அதற்குக் கிரீஸ் வைக்க மறந்தால் என்னவாகுமென்பது ஸ்டோரிலே வேலை செய்யும் நம் சகோதரருக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதன்று.

சவரக் கத்தியிலும் அவர் கருத்துச் சென்றது. பாட்டரியால் ஓடும் மின்சாரச் சவரக் கருவியொன்றை ஆக்கினார். மெல்லிய பிளேடுகளும் செய்தார். பிளேட்டின் இரகசியமும் நம் பக்கத்து ரப்பர் பால் வெட்டும் கத்தியின் இரகசியமும் ஒன்றே. செக்கச் சிவக்கக் காய்ச்சிய உருக்கைச் சட்டெனத் தோய்த்தால் கடினமாகும், ஆனால் கண்ணாடிபோல் உடையும். மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினால்தான் கூரும் நிற்கும், உறுதியும் நிற்கும். கொல்லருலையில் இதனைக் கண்ணால் நிறம் பார்த்தே செய்யும் முதியவர்களை நாம் படியாதவர் என்கிறோம்!

1945இல் அவருடைய முயற்சியாலும் கொடையாலும், சென்னை மாகாணக் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரால், கோவையிலே தொழிற்கல்விக் கூடங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. பொறியியல் படிக்க நான்காண்டு வேண்டியதில்லை, குறுகிய காலமே போதும் என்று வாதாடிய நாயுடு, அரசினர் இணங்காமையால் விலகிக்கொண்டார். இவ்விடயத்தில் நாம் அவரோடு முற்றும் உடன்படோம். பாலம் கட்டுபவருக்குக் கணக்கும் வேண்டும், காலமும் வேண்டும். ஆயினும், ரோலர் நின்றால் ஒலி கேட்டே குறை கூறும் நம் லயத்துப் பையன் சான்றிதழ் இல்லாத ஒரே காரணத்தால் ஆயுள் முழுதும் கைலேஞ்சி பிடித்துப் பின்னால் நிற்பதைக் காணும்போது, நாயுடுவின் கோபம் நமக்கும் விளங்கத்தான் செய்கிறது.

மலிவான வானொலி, பழச்சாறு பிழியும் கருவி, 1952இல் இருவர் செல்லும் சிறிய கார் என அவர் ஆக்கியவை பல. காருக்கு அரசாங்க அனுமதி கிடைக்கவில்லை. வரிக் கொள்கையை வெறுத்து, தாம் ஆக்கிய பொருள்களைப் பலர் முன்னிலையில் தாமே உடைத்தார். அது நமக்கு உவப்பான செய்தியன்று. பத்துப் பேர் கற்றுக்கொள்ளக் கூடியதை உடைத்து எவருக்கு என்ன பயன்?

1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆந் திகதி, எண்பதாவது வயதிலே அவர் காலமானார். அவர் தோன்றிய கோவை மாநகரிலிருந்து மோட்டர்களும் நீர் இறைக்கும் பம்புகளும் இந்தியாவெங்கும் சென்றுகொண்டிருக்கின்றன.