கொல்லிமலை தந்த மருத்துவர்

கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியும், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும் நம் நினைவில் எழும். மருத்துவ உலகம் போற்றும் டாக்டர் பால் பிராண்ட் பிறந்ததும் அம்மலையில்தான் என்பதைக் கொங்கு நாட்டிலேயே எத்தனை பேர் அறிவர்?

அவர் பிறந்தது 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள். பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்ட், எவ்லின் என்னும் ஆங்கிலேய மிஷனரிகள். மலைவாழ் மக்களுக்குக் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், நரம்புச் சிலந்திப் புழுவை எடுப்பதும் தந்தையின் அன்றாடப் பணிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்ற பால், தந்தையின் முகத்தை மீண்டும் காணவே இல்லை. 1929-இல் தந்தை காய்ச்சலால் மலையிலேயே காலமானார்.

பள்ளிப்படிப்புக்குப் பின் பால் கற்றது மருத்துவமன்று. தச்சு வேலையும் கட்டட வேலையும்! அதன் பிறகே லண்டனில் மருத்துவம் பயின்று, போர்க்காலத்தில் குண்டுவீச்சில் காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே, பிறவியிலேயே பாதம் உள்நோக்கித் திரும்பிய குழந்தைகள் அவரிடம் வந்தனர். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை நேர்கிறது. கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று எங்கள் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். அதில் உண்மை துளியும் இல்லை. பெற்றவள் தலையில் பழி விழுவதுதான் மிச்சம்.

பாதத்தை வலுவாகத் திருப்பிக் கட்டுவதே லண்டனில் அவர் கற்ற முறை. அங்கே அவ்வாறு சிகிச்சை பெற்ற குழந்தைகள் வளர்ந்தபின் பாதம் விறைத்து வந்ததை அவர் கண்டிருந்தார். வேலூரிலோ, சிகிச்சையே பெறாமல் வளர்ந்தவர்களின் பாதம் கோணலாக இருந்தும் மிருதுவாக இருந்தது. வைத்தியம் பார்த்த கால் கட்டை; பார்க்காத கால் மிருது! வன்மையாகத் திருப்பும்போது தசைநார்கள் கிழிந்து, வீங்கி, தழும்பாகி இறுகிவிடுகின்றன என்று அவர் உணர்ந்தார்.

பிறகு அவர் செய்தது மிக எளியது. குழந்தையைப் பசியோடு அழைத்துவரச் சொல்வார். தாய் மடியில் வைத்துப் பால் கொடுப்பாள். மருத்துவர் பாதத்தை மெல்ல மெல்லத் திருப்புவார். குழந்தை குடித்துக்கொண்டிருக்கும் வரை சரி. குடிப்பதை நிறுத்தி அவரை ஏறிட்டுப் பார்த்தால், எல்லை தாண்டியாயிற்று என்று பொருள். சற்றே தளர்த்தி, அந்நிலையில் மாவுக்கட்டுப் போடுவார். சில நாள் கழித்து மீண்டும் சிறிது. பேசத் தெரியாத குழந்தையே இங்கு அளவுகோல்! இயற்பியல் மாணவனான எனக்கு, எந்தக் கருவியையும் விட இது வியப்பளிக்கிறது.

இதே மென்மையைத் தொழுநோயாளிகளின் மடங்கி இறுகிய விரல்களுக்கும் அவர் பயன்படுத்தினார். அவர்களுக்கு வலி தெரியாது; போதும் என்று தடுக்க எதுவும் இல்லை. அவர்களது புண்களுக்கு வலியின்மையே பெருங்காரணம் என்பதை நிறுவினார். தசைநாண் மாற்று அறுவையால் பல கைகளைத் திறந்து வைத்தார். 1960-இல் லாஸ்கர் விருது பெற்றார். 1966-இல் அமெரிக்கா சென்று, 2003 ஜூலை 8 அன்று அங்கேயே மறைந்தார். தாயார் எவ்லின் 95 வயது வரை வாழ்ந்து, 1974-இல் மறைந்து, கொல்லிமலையில் கணவர் அருகிலேயே அடக்கமானார்.

அமெரிக்காவின் அயோவாவில் இக்னாசியோ பொன்செட்டி என்பவரும் மென்மையான வழியையே வகுத்தார். 1963-இல் அவர் கட்டுரை வெளியிட்டும், உலகம் ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இன்று நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் அவர் முறையே கைக்கொள்ளப்படுகிறது: வாரம் ஒரு மாவுக்கட்டு, பெரும்பாலும் ஐந்தாறு போதும். பிறகு குதிகால் நாணில் சிறு வெட்டு. அதன்பின் பட்டை பொருத்திய காலணி: முதல் மூன்று மாதம் ஏறத்தாழ நாள் முழுதும், பிறகு நான்கு வயது வரை உறங்கும்போது. பிள்ளை அழுகிறதே என்று அப்பத்தாவோ அம்மிச்சியோ அதைக் கழற்றிவிட்டால், பாதம் மறுபடி உள்ளே திரும்பிவிடும். ஆகவே, தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. அவர்களிடமும் சொல்லியாக வேண்டும்.