புறாக்களிடம் பாடம் கேட்ட மருத்துவர்

நம் தியாகராய நகர்க் கடைகளில் அரிசி வாங்கும்போது, மல்லிகைப் பூப்போல் வெளுத்ததைத்தானே தேடுகிறோம்? அந்த வெண்மைக்குள் மறைந்திருக்கும் குறையை நம் நீலகிரி மலையில் இருந்தபடி ஆராய்ந்து சொன்னவர் சர் ராபர்ட் மெக்காரிசன்.

அயர்லாந்தின் வடபகுதியில் 1878-ஆம் ஆண்டு பிறந்த இவர், பெல்பாஸ்டில் மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். அந்நாளில் 'பெரிபெரி' என்னும் நோய், அரிசியுண்ணும் மக்களின் கால்களை மரத்துப்போகச் செய்து, இதயத்தைத் தாக்கி, உயிரையும் குடித்து வந்தது. தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் தள்ளாடி விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைத் தின்றதும் அவை எழுந்து நடப்பதையும் ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மன் முன்பே கண்டிருந்தார்.

மெக்காரிசன் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில் இந்நோயை ஆராயத் தொடங்கினார். புறாக்களே அவருக்கு ஆசிரியர்கள்! தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற புறாக்கள் முதலில் பசியிழந்து மெலிந்தன. பின்பு கழுத்து முதுகுப்புறம் வளைய, நிற்கவும் பறக்கவும் இயலாமல் வீழ்ந்தன. நரம்புகள் மட்டுமன்றிக் குடலும் சுரப்பிகளுங்கூடக் கெடுகின்றன என்று அவர் கண்டறிந்தார். தவிட்டோடு போய்விடும் அந்த உயிர்ச்சத்தையே இன்று தயமின் (வைட்டமின் பி1) என்கிறோம். அது குறைந்தால் கோழி தீனி எடுக்காது. முட்டையும் குறையும் என்பது கோழி வளர்ப்போர் அறிந்ததே.

இடையில் அரசின் சிக்கனத்தால் ஆய்வு நின்றுபோயிற்று. எனினும் அவர் மனந்தளரவில்லை. மீண்டும் தொடர்ந்த அப்பணி 1928-இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. நம் சென்னை மாகாண உணவோ கடைசி இடம்! இதைப் படிக்கையில் நமக்கு வெட்கமாக இருக்கிறதல்லவா?

1933-இல் 'சர்' பட்டம் பெற்ற அவர், 1935-இல் ஓய்வு பெற்றார்; 1960-இல் இவ்வுலகை நீத்தார். அவரது ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத் சென்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

தோழியரே, அரிசியைப் பலமுறை களைந்து கழுநீரைக் கொட்டுவதையும், கஞ்சியை வடித்துக் கீழே ஊற்றுவதையும் நிறுத்துவோம். புழுங்கல் அரிசியும் கைக்குத்தல் அரிசியும் நம் பாட்டிமார் அறிந்த செல்வங்கள். அவற்றோடு கீரையும் பருப்பும் பாலும் சேர்ப்போம். அதுவே அந்த நல்லவருக்கு நாம் செலுத்தும் நன்றி!