விளக்கும் வரைபடமும்

கையில் விளக்கேந்தி, நள்ளிரவில் நோயாளர் படுக்கைகளுக்கிடையே நடந்து செல்லும் பெண்மணியாகவே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவ்விளக்கை அவர் ஏந்திய காலம் இரண்டாண்டிற்கும் குறைவு. அதன்பின் பல்லாண்டுகள் இறப்புக் கணக்கேடுகளோடு அவர் நடத்திய போராட்டம், அதன் பெருமைக்கேற்பப் பேசப்படவில்லை.

இத்தாலி நாட்டின் ஃபுளோரன்ஸ் நகரில், 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், செல்வம் மிக்க ஆங்கிலேயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தந்தையார் வில்லியம் தம் மகளிர் இருவருக்கும் இலத்தீனும் கிரேக்கமும் வரலாறும் மெய்யியலும் தாமே கற்பித்தார். இளைய மகளின் மனமோ கணக்கின்மீதும் படர்ந்தது. திருமணத்திற்குரிய பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்பது பெற்றோரின் கவலை. செவிலியராக விரும்புவதாக அவர் கூறியபோது அக்கவலை அச்சமாக மாறியது. அக்கால இங்கிலாந்தில் மருத்துவமனைச் செவிலியர் வேலை இழிதொழிலாகக் கருதப்பட்டது. வீட்டார் உறங்கும் விடியற்பொழுதுகளில் மருத்துவமனை அறிக்கைகளைப் படித்துக் குறிப்பெடுத்தவாறே அவர் பல ஆண்டுகள் காத்திருந்தார். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிறுவனத்தில் பயிற்சி பெற்றார். 1853இல் இலண்டன் மாநகரில் சிறு மருத்துவமனையொன்றின் பொறுப்பேற்றார்.

அடுத்த ஆண்டே கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியது. போர்த்துறை அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 பெண்களுடன் 1854 நவம்பர் 4ஆம் நாள் துருக்கியின் ஸ்கூட்டாரியை அவர் அடைந்தார். படைவீட்டையே மருத்துவமனையாக மாற்றியிருந்தனர். கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன. துணியில்லை; பாத்திரமில்லை; படுக்கைகளுக்கு இடையில் நடக்க இடமுமில்லை. தொடக்கத்தில் மருத்துவர்கள் செவிலியரை உள்ளே விடவே தயங்கினர். அம்மையார் சமையலறை அமைத்தார். துணி வெளுக்க ஏற்பாடு செய்தார். நன்கொடைப் பணத்தால் பொருள்களை வாங்கிக் குவித்தார்.

இருந்தும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் அம்மருத்துவமனைக்கு வந்தோருள் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சு மாதத்தில் நலவாழ்வுக் குழுவொன்று இங்கிலாந்திலிருந்து வந்து, கால்வாய்களைத் தூர்வாரி, குப்பைகளை அகற்றி, காற்றோட்டத்திற்கு வழிசெய்தது. ஜூன் மாதத்தில் அவ்விறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது. உணவின்மையும் பொருட்பற்றாக்குறையும் குற்றுயிராய் வந்து சேர்ந்த வீரரின் நலிவுமே சாவுகளுக்குக் காரணம் என அம்மையார் அப்போது நம்பியிருந்தார்.

1856இல் நாடு திரும்பியபோது அவருக்குப் பெரும் வரவேற்பளிக்க மக்கள் காத்திருந்தனர். அவரோ எவருமறியாமல் வந்து வீடு சேர்ந்தார். பின்னர், பிறப்பு இறப்புப் பதிவுத்துறையின் புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் அவர்களுடன் சேர்ந்து போர்க்கால ஏடுகளை ஆராயத் தொடங்கினார். ஒரே மருத்துவமனையின் இறப்புகளைக் குறித்த பதிவேடுகள்கூட ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவற்றைச் சீர்செய்து அடுக்கிப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. குண்டடிபட்டு இறந்தோரைவிடக் காய்ச்சலாலும் கழிச்சலாலும் இறந்தோரே பன்மடங்கு மிகுதி. அதைவிடக் கொடிய உண்மை ஒன்றும் அங்கிருந்தது. மற்ற மருத்துவமனைகளைவிட அவர் பணியாற்றிய ஸ்கூட்டாரியில்தான் சாவு மிகுந்திருந்தது. தம் கண்ணெதிரே மாண்ட வீரர்கள் நெருக்கடியாலும் கழிவுநீராலும் மாண்டனர் என்பதையும், அதைத் தாம் அன்று உணரவில்லை என்பதையும் அவர் ஏற்க நேர்ந்தது. நாடே தெய்வமாகப் போற்றிய வேளையில் இக்கணக்கை மறைத்து வைப்பது எளிது. அவர் மறைக்கவில்லை.

ஆட்சியாளர் நீண்ட அட்டவணைகளைப் படிப்பதில்லை என்பதை அறிந்திருந்தமையால், 1858இல் அவர் எண்களைப் படமாக வரைந்தார். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பகுத்து, தடுத்திருக்கக்கூடிய நோய்ச் சாவுகளை நீலத்திலும், காயச் சாவுகளைச் சிவப்பிலும், ஏனையவற்றைக் கருப்பிலும் காட்டினார். நீலம் மற்ற இரண்டையும் விழுங்கி நின்றது. அமைதிக் காலத்தில் இங்கிலாந்தின் படைவீடுகளில் வாழும் இளைஞரும், அதே வயதுடைய பொதுமக்களைப்போல் ஏறத்தாழ இருமடங்கு எண்ணிக்கையில் இறக்கின்றனர் என்பதையும் அவர் நிறுவினார். படைவீடுகளைச் சீரமைக்கும் பணி தொடங்கியது. அவ்வாண்டே புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

1860இல் இலண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவருடைய செவிலியர் பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. நோயாளியை உற்றுநோக்கலும், கண்டதைப் பிழையின்றிக் குறித்தலும் அங்குப் பணியின் பகுதிகளாயின. எல்லா மருத்துவமனைகளும் ஒரே படிவத்தில் நோய்க்கணக்கு எழுதவேண்டும் என்ற அவருடைய திட்டம், அவ்வாண்டு இலண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் வைக்கப்பட்டது.

அவர் ஆய்வின் நேர்மைக்கு மற்றொரு சான்றும் உண்டு. இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேற்றுச் செவிலியர்க்கென அவருடைய நிதியால் ஒரு பிரிவு தொடங்கப்பட்டிருந்தது. மகப்பேற்றுக் காய்ச்சலால் அங்குத் தாய்மார் இறந்தனர். 1867இல் அப்பிரிவு மூடப்பட்டது. அத்துடன் அமையாமல், பல இடங்களின் கணக்குகளைத் திரட்டி, வீட்டில் மகப்பேறு காணும் தாய்மாரைவிட இத்தகைய விடுதிகளில் மகப்பேறு காண்போரே மிகுதியாக இறக்கின்றனர் என்பதை 1871இல் நூலாகவே வெளியிட்டார்.

இந்தியாவுக்கு ஒருமுறையும் வராமலே இந்தியப் படைவீடுகளின் நலவாழ்வை ஆராய்ந்தார். அங்கிருந்து வரவழைத்த அறிக்கைகளை அலசி அவர் எழுதிய கருத்துரை, அரச ஆணையத்தின் 1863ஆம் ஆண்டு அறிக்கையுடன் வெளிவந்தது. சென்னை மாகாண ஆளுநராக 1866இல் பொறுப்பேற்ற நேப்பியர் பிரபு, கிரிமியப் போர்க்காலத்திலேயே அவருக்கு அறிமுகமானவர். குடிநீர், கழிவுநீர், பாசனம் எனப் பலவற்றைக் குறித்தும் இந்திய ஆட்சியாளர்க்கு அவர் மடல்கள் எழுதிவந்தார்.

நோய்களுக்குத் தீய காற்றே காரணம் என்ற பழைய கொள்கையை அவர் நெடுங்காலம் விடாது பற்றியிருந்தார். நுண்ணுயிர்க் கொள்கையை ஏற்கத் தயங்கினார். காரணம் பிழைபட்டபோதும், தூய்மை உயிர் காக்கும் என்று அவர் கணக்குகள் காட்டியது பிழைபடவில்லை.

போரிலிருந்து திரும்பியபின் நோய் அவரைப் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடத்தியது. அறிக்கைகளும் மடல்களும் அப்படுக்கையிலிருந்தே எழுந்தன. முதுமையில் பார்வையும் மங்கியது. 1907இல் பிரிட்டனின் உயரிய ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ விருதைப் பெற்ற முதல் பெண்மணியானார். 1910 ஆகஸ்டு 13ஆம் நாள் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்ததை உறவினர் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில், குடும்பக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் அவருக்கென இருப்பவை பெயரின் இரண்டு முதலெழுத்துகளும், பிறந்த நாளும் இறந்த நாளுமே.