பெட் ஸ்கேனுக்கு லேட்டா போகக் கூடாது... ஏன்? 1900-லேயே கணக்கு போட்ட ரூதர்ஃபோர்டின் கதை!

பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமத்தில் இருந்து ஒருவர் பெட் ஸ்கேன் எடுக்க சென்னைக்கு கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 60 கி.மீ. தூரம். வழியில் டிராஃபிக், பஸ் லேட். ஸ்கேன் சென்டரிலோ, சொன்ன நேரத்துக்கு வந்தே ஆகணும் என்கிறார்கள். அப்படி என்ன அவசரம்?

காரணம், ஊசி மருந்தில் இருக்கும் ஃபுளோரின்-18. சுமார் 110 நிமிடத்தில் அதில் பாதி சிதைந்துவிடும். இதுதான் அரை ஆயுள். இந்தக் கணக்கை உலகுக்குக் காட்டியவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு.

யார் இவர்?

1871-ல் நியூசிலாந்தில் பிறந்தவர். 12 பிள்ளைகளில் ஒருவர். ஸ்காலர்ஷிப் கிடைத்து 1895-ல் கேம்பிரிட்ஜ் போனார். 27 வயதில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

கதவு திறந்தால் மாறிய அளவு

அங்கே சக பேராசிரியர் ராபர்ட் ஓவன்ஸ் தோரியத்தின் கதிர்வீச்சை அளந்துகொண்டிருந்தார். அறைக் கதவைத் திறந்தாலே அளவு மாறியது. கருவி கோளாறு என்று விட்டிருக்கலாம். ரூதர்ஃபோர்டு விடவில்லை. தோரியத்தில் இருந்து ஏதோ ஒரு வாயு வருகிறது, காற்று அதை அடித்துக்கொண்டு போகிறது என்று கண்டுபிடித்தார்.

எப்படி அளந்தார்?

தோரியத்தின் மேல் காற்றைச் செலுத்தி, அந்த வாயுவை ஒரு கலத்துக்குள் கொண்டுவந்தார். கதிர்வீச்சு பட்டால் காற்றில் மின்சாரம் பாயும். காற்றோட்டத்தை நிறுத்திவிட்டு, அந்த மின்னோட்டம் எப்படிக் குறைகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். சுமார் 1 நிமிடத்தில் பாதி. 2 நிமிடத்தில் கால். 3 நிமிடத்தில் அரைக்கால். 1900-ல் இந்த முடிவு வெளியானது. இன்று தோரான் எனப்படும் அந்த வாயுவின் அரை ஆயுள் 55.6 விநாடி. அந்தக் காலத்துக் கருவியை வைத்தே இவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார்!

ஐஸ் மாதிரி இல்லையா?

இல்லை. மீன் பெட்டி ஐஸ் வெயிலில் சீக்கிரம் உருகும், நிழலில் தாங்கும். தோரானோ, ஃபுளோரின்-18-ஓ அப்படி இல்லை. சூடாக்கினாலும் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அரை ஆயுள் மாறாது. அதனால்தான் மருந்தை சேமித்து வைக்க முடியாது.

இன்னொன்று, 2 அரை ஆயுளில் எல்லாம் தீர்ந்துவிடாது. அப்போதும் கால் பங்கு மிச்சம் இருக்கும்.

அணுவே மாறும்!

1902-ல் ஃபிரெடெரிக் சாடியுடன் சேர்ந்து, ஒரு தனிமம் தானாகவே இன்னொன்றாக மாறுகிறது என்று காட்டினார். அணு அழியாது, மாறாது என்ற நம்பிக்கை உடைந்தது. 1908-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு. 1911-ல் அணுவுக்குள் கரு இருப்பதையும் சொன்னார்.

நடக்காமல் போன இந்தியப் பயணம்

1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டுக்கு இவர்தான் தலைமை தாங்குவதாக இருந்தது. ஆனால் 1937 அக்டோபர் 19-ல் காலமானார். தோரியம் நிறைந்த மோனசைட் மணல் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் இருக்கிறது. அந்த நாட்டுக்கு அவர் வர முடியாமலே போய்விட்டது.

சரி, ஸ்கேனுக்குப் போகிறீர்களா? கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்க. லேட் ஆகும்னு தெரிஞ்சா உடனே சென்டருக்கு போன் பண்ணிடுங்க. பஸ் நிற்கலாம், அரை ஆயுள் நிற்காது.