உடற்கல்வித் தந்தை எச். சி. பக்

பி.எஸ்சி., இரண்டாம் ஆண்டு, இயற்பியல்

நம் கல்லூரிக்கு அருகே, அண்ணா சாலையை ஒட்டி, மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்று உண்டு. அதுதான் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வரும் நான், முதலாண்டு முழுவதும் அதைக் கடந்து சென்றிருக்கிறேன். அதைத் தோற்றுவித்தவர் யார் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர்கள் பத்து வயதுச் சிறுவர்கள்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பள்ளி நாளில் கற்ற கூடைப்பந்தை, ஞாயிறுதோறும் வீட்டருகே உள்ள திடலில் சிறுவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். விளையாட்டு சோறு போடுமா என்று அப்பா கேட்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

பந்தைக் கூடையில் போடக் கற்றுக் கொடுத்த நான், தடுப்பாட்டத்தைக் கற்றுக் கொடுக்கவில்லை. எதிரியை விடாதே, மறித்துக்கொள் என்று கத்தியதோடு சரி. சென்ற ஆண்டு ஒரு போட்டியில் எங்கள் பையன்கள் மூவர் ஐந்து தவறுகள் இழைத்து வெளியேறினர். நான்காமவன் தள்ளியதில் எதிரணிச் சிறுவன் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் போட்ட கையோடு நின்ற அந்தப் பிள்ளையையும், அவன் தாயையும் பார்த்தபோது, தள்ளியவன் அவனல்ல, நான்தான் என்று உணர்ந்தேன்.

இதை நம் உடற்கல்வி இயக்குநரிடம் சொல்லி வருந்தினேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. பக் என்ற மனிதரைப் பற்றிப் படிக்கச் சொன்னார்.

ஹாரி குரோ பக் 1884 நவம்பர் 25-ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்றவர். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர், பழக்கூடைகளை மாடத்தின் விளிம்பில் மாட்டிக் கூடைப்பந்தை உருவாக்கியது அதே கல்லூரியில்தான்! நைஸ்மித் வகுத்த விதிகள் பதின்மூன்று. தோளால் இடிப்பதும், பிடிப்பதும், தள்ளுவதும், காலை வாருவதும் அன்றே விலக்கப்பட்டுவிட்டன.

பக் 1919-ல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டே சென்னையில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று நந்தனத்தில் கல்லூரியாக நிற்கிறது. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு அவரே மேலாளர். இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாக உழைத்தவர்களுள் ஒருவர். விளையாட்டுகளின் விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். 1943 ஜூலை 24-ல் மறைந்தார்.

இவ்வரலாற்றில் என்னைத் தொட்டது ஒன்று உண்டு. அவர் வெற்றிவீரர் நால்வரை உருவாக்கிப் புகழ் தேடவில்லை. கற்பிப்பவர்களுக்குக் கற்பித்தார். ஆசிரியர் ஒருவர் முறையாகக் கற்றால், அவரிடம் வரும் ஆயிரம் பிள்ளைகள் அடிபடாமல் ஆடுவார்கள் அல்லவா? விதிநூல் நடுவருக்கு மட்டும் உரியதன்று. கற்பித்தல் தொடங்கும் இடமே அதுதான் என்று அப்போது புரிந்தது. பிடிக்கவும் தள்ளவும் கூடாதென்றால், தடுப்பவனுக்கு மிஞ்சுவது கால்களே!

அடுத்த ஞாயிறு பந்தையே வெளியே எடுக்கவில்லை. கால்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வைத்து, முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் நிற்கச் சொன்னேன். ஒரு காலை மற்றொன்று தாண்டாமல், பக்கவாட்டில் சறுக்கி நகரச் செய்தேன். எதிரிக்கும் கூடைக்கும் நடுவே, ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டும். கண் அவன் இடுப்பில் இருக்க வேண்டும். முகமும் பந்தும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. பந்தைப் பறிக்கக் கை பரபரக்கும் பிள்ளைகளை, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தடுத்து ஆடச் செய்தேன். முதலில் சிரித்தார்கள், பத்து நிமிடத்தில் தொடை வலிக்கிறது என்றார்கள். மூன்று மாதத்தில் தவறுகள் பாதிக்கு மேல் குறைந்தன. அன்று தள்ளிய சிறுவன்தான் இன்று எங்கள் அணியின் சிறந்த தடுப்பாளன்.

புள்ளிப் பலகையில் தடுத்தவன் பெயர் ஏறுவதில்லை. கற்பித்தவர் பெயரும் அப்படித்தான். சாலையோரம் அந்த வளாகத்தைக் கடக்கும் தோழர்களே, ஒரு நொடி திரும்பிப் பாருங்கள். நம் பள்ளித் திடலில் விசில் ஊதி நின்ற ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பின்னால் அந்தப் பெரியவரின் உழைப்பு இருக்கிறது. அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் இப்போது விடை உண்டு. விளையாட்டு எனக்குச் சோறு போடுமோ என்னவோ, இன்னொரு தாயின் பிள்ளை கைமுறியாமல் வீடு திரும்பும்!